சுன்னுவா சுட்ட ஒரே ரொட்டி

வட அட்லாண்டிக் கடலின் பரோயே தீவுகளில் ஒரு பாதிரியாருக்கு ஆறேழு ஊர் இருக்கும். கடல் வழிவிட்டால்தான் அவர் வருவார். அவர் வராத ஞாயிறுகளில் ஹெல்லாவிக் ஊர்த் தேவாலயத்தில் பிரசங்கம் வாசிப்பவர் ஓலி. ஊருக்குக் கடவுள் பேசினால் ஓலியின் தொண்டையில்தான் பேசுவார் என்று ஆகிவிட்டிருந்தது. அப்படிப்பட்டவருடைய மகள் சுன்னுவா, அண்ணன் யாக்குப்போடு சேர்ந்து கடலில் முங்கி மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் ஊரே கரைக்கு வந்துவிட்டது.

அக்டோபர் கடைசி. கடல் எலும்பைக் கடிக்கிற குளிரில் இருந்தது. முந்தின நாள் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்.

"கைக்குழந்தையா இருக்கறப்பவே உன் தலையில தண்ணி ஊத்தியாச்சு. கடவுள் என்ன மறதிக்காரரா, ரெண்டாந்தரம் ஞாபகப்படுத்தறதுக்கு?"

"அவர் மறக்கலப்பா. நான்தான் அப்பத் தூங்கிட்டிருந்தேன்," என்றாள் சுன்னுவா.

ஓலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் மறுநாள் கரைக்கு வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்து, பற்கள் தந்தியடிக்க, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சுன்னுவா கரையேறியபோது கூட்டத்தில் யாரோ, "உப்புப் போட்டாச்சு, இனிக் காயவெச்சா கருவாடுதான்!" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து அப்படி முங்கியவர்களுக்கு 'நனைஞ்சவங்க' என்று ஊரில் பேர்.

நனைந்தவர்கள் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்கள் வேறு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. இயேசுவின் முதல் சீடர்கள் என்ன செய்தார்களோ அதையே செய்வது. அதற்கு மேல் ஒன்றும் சேர்ப்பதில்லை, அதில் ஒன்றும் குறைப்பதில்லை. பாதிரி கிடையாது, அங்கி கிடையாது, பலிபீடம் கிடையாது. ஞாயிறுதோறும் கூடுவது, வேதத்தை வாசிப்பது, ஜெபிப்பது, ஒரே ரொட்டியை எல்லோரும் பிட்டுச் சாப்பிடுவது. சுன்னுவா ஹானுஸ் என்ற மீன்பிடிக்காரனைக் கட்டிக்கொண்ட பிறகு அவர்கள் வீட்டு அடுப்படியில்தான் கூடினார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், காய்கிற கம்பளிக் காலுறைகள் தலைக்கு மேல் தொங்கும், நாய் மேஜைக்கடியில் குறட்டை விடும். ரொட்டி சுடுவது சுன்னுவா. அவள் வீட்டில் கூடியதால் அவள் சுட்டாள். வேறு காரணம் எதுவும் அதற்கு இல்லை.

ஆட்கள் பெருகியதும் ஊர் நடுவே ஓடும் ஓடைக்கு மேற்கே, மேட்டில், தகரக்கூரை போட்டு ஒரு கூடம் கட்டினார்கள். யாக்குப்பும் ஹானுஸும்தான் தோளோடு தோள் நின்று அதன் உத்தரங்களைத் தூக்கி வைத்தவர்கள். மச்சான்கள் என்பதைவிடக் கூட்டாளிகள். ஒருவன் பாட்டை எடுத்தால் மற்றவன் முடிப்பான். யாக்குப்புக்குச் சபையில் மூப்பர் ஸ்தானம் கிடைத்தது. ஹானுஸுக்கு அதில் பொறாமை துளியும் இல்லை. "பேசறதுக்கு அவன், தூக்கறதுக்கு நான்," என்பான்.

இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு கோடை. வெட்டிப் போட்ட புல் வாரக்கணக்கில் மழையில் ஊறிக்கொண்டே கிடந்தது. பசுவுக்குக் குளிர்காலம் முழுக்க அதுதான் தீனி; அது அழுகினால் பசுவை அடித்துத் தின்பதைத் தவிர வழியில்லை. திடீரென்று ஒரு காலை மேகம் விலகி, மலை தலையைக் காட்டி, காற்று சுத்தமாக வீசியது. அந்தக் காலை ஞாயிற்றுக்கிழமைக் காலையாக இருந்ததுதான் வினை.

ஹானுஸ் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். கூடம் இருக்கும் திசையைப் பார்த்தான். பிறகு புல் வாரும் வாருகோலை எடுத்தான். சுன்னுவாவும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாருகோலை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஆராதனைப் பாட்டு மேலே கேட்கக் கேட்கக் கீழே இருவரும் புல்லைப் புரட்டினார்கள். மாலைக்குள் புல் காய்ந்து கொட்டிலுக்குள் போய்விட்டது. மறுநாள் மறுபடி மழை.

அடுத்த ஞாயிறு ரொட்டித் தட்டை யாக்குப் கொண்டு வந்தான். ஹானுஸ் கை நீட்டினான். தட்டு அவனைத் தாண்டிப் போய் சுன்னுவா முன்னால் நின்றது.



"அவனுக்கு?" என்றாள் சுன்னுவா மெதுவாக.

"கர்த்தருடைய நாளை அவன் மதிக்கல. மனந்திரும்பட்டும்."

"வாருகோல் என் கையிலயும் இருந்துச்சே, அண்ணா."

"நீ புருஷன் சொன்னதைச் செஞ்சவ."

"அவன் ஒண்ணும் சொல்லலையே!"

அதற்குள் ஹானுஸ் எழுந்துவிட்டான்.  "ஓய்வுநாள்ல கதிரைப் பிச்சுத் தின்ன சீடனுங்களை ஆண்டவர் பட்டினியா அனுப்பினாராடா? ஆதி சபை, ஆதி சபைன்னு வாய் கிழியப் பேசறியே, படிச்சுப் பாரு!" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். சுன்னுவாவும் தட்டைத் தொடாமல் அவன் பின்னால் போனாள். அவர்களுக்குப் பின்னால் பாதிச் சபை எழுந்து போனது.

ஓடைக்குக் கிழக்கே இருந்த பழைய படகுக் கொட்டகையைக் கூட்டிக் கழுவி ஹானுஸ் இன்னொரு கூடம் ஆக்கினான். ஊர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம். மேலே இருந்தது மேல்கூடம். கீழே இருந்தது வைக்கோல்கூடம். "என்னங்கடா, கடல்ல ஒண்ணா முங்கினீங்க, புல்லுல தடுக்கி விழுந்துட்டீங்களே!" என்று மீன் காயப்போடுகிற பாறையில் கேலி பேசினார்கள். 

முதல் சனிக்கிழமை சுன்னுவா வழக்கம்போல மாவு பிசைந்தாள். பிசைந்துகொண்டிருக்கும்போதே மேல்கூடத்தில் நாளைக்கு யார் சுடுவார்கள் என்ற யோசனை வந்தது. யாக்குப்பின் மனைவி எல்ஸ்பாவுக்கு ரொட்டி என்றால் கல். அதனால் மாவை இரண்டாகப் பிட்டு இரண்டு ரொட்டி சுட்டாள். ஒன்றை ஹானுஸ் எடுத்துப்போனான். இன்னொன்றைத் துணியில் சுற்றி ஓடைப்பாலத்துக்குக் கொண்டு போனாள். எல்ஸ்பா அங்கே வந்து வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனியும் அப்படியே. ஆறு வருஷம் அப்படியே நடந்தது.

இந்த ஆறு வருஷத்தில் இரண்டு கூடமும் சும்மா இருக்கவில்லை. மேல்கூடத்தில் ஓய்வுநாளைப் பற்றிய பிரசங்கம். வைக்கோல்கூடத்தில் விடுதலையைப் பற்றிய பிரசங்கம். இரண்டு பக்கமும் முதல் சீடர்கள் தங்கள் கட்சி என்று நிரூபித்தார்கள். அடுப்பெரிக்க மலைச்சதுப்பில் மண்கரி வெட்டும்போது அவரவர் கூடத்து ஆளுக்குத்தான் உதவி. பிரசவம் என்றால் அவரவர் கூடத்துப் பெண்கள்தான் போவார்கள். ஆடு விழுந்து கால் ஒடிந்தால்கூட அது எந்தக் கூடத்து ஆடு என்று காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினார்கள்.

1937இல் புதிய ஏற்பாடு பரோயே மொழியில் அச்சாகி வந்தது. அதுவரை தேவாலயத்தில் என்றாலும் கூடத்தில் என்றாலும் வாசித்தது தீவுகளை ஆண்ட டென்மார்க்கின் டேனிஷ் வேதம்தான். ஊர்க்காரர்களுக்கு டேனிஷ் புரியும், அரசாங்கக் கடிதம் புரிகிற மாதிரி. விறைப்பாக உட்கார்ந்து கேட்கிற மொழி அது. அதில் யாரும் ஆட்டைத் திட்டியதில்லை, குழந்தையைத் தாலாட்டியதில்லை.

புத்தகம் வந்த வாரம் ஒரு மாலை, காப்பி குடித்தபின் ஹானுஸ் அதைப் பிரித்து அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து உரக்க வாசித்தான். சுன்னுவா காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். பெந்தெகொஸ்தே, பேதுருவின் பேச்சு, மூவாயிரம் பேர் முங்கியது எல்லாம் அவள் அறிந்ததுதான். அதற்கடுத்து, விசுவாசிகள் ஒன்றாக இருந்ததும், சொத்தைப் பொதுவில் வைத்து இல்லாதவனுக்குக் கொடுத்ததும், வீடு வீடாக ரொட்டியைப் பிட்டு மகிழ்ச்சியாகச் சாப்பிட்டதும் வந்தது. சின்ன வயதிலிருந்து டேனிஷில் அது அப்பம் என்கிற மாதிரித்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது. இன்று ரொட்டி என்று விழுந்தது. அவள் சனிக்கிழமைதோறும் பிசைகிற அதே ரொட்டி.

ஊசி நின்றுவிட்டது.

"எங்க பிட்டாங்கன்னு போட்டிருக்கு?"

"வீட்லன்னு."

"கூடத்துல இல்லையா?"

"அப்ப ஏது கூடம்?"

"சரி, இன்னொரு இடத்துல வரும் பாரு, பவுல் எழுதினது. ரொட்டி ஒண்ணு, அதனால நாம எல்லாம் ஒரே உடம்புன்னு. அதை எடு."

ஹானுஸ் புரட்டி எடுத்து வாசித்தான். வாசிக்கும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. முடித்ததும் புத்தகத்தை மூடி, "ஏன் கேக்கற?" என்றான்.

"சும்மாதான்," என்றாள் சுன்னுவா. ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் அவள் அன்று பின்னிய வரிகள் அத்தனையையும் காலையில் பிரிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை அவள் மாவு பிசைந்தாள். கை தானாக மாவை இரண்டாக்கப் போனது. நிறுத்தினாள். கொஞ்ச நேரம் மாவின்மேல் கை வைத்தபடியே நின்றாள். பிறகு முழு மாவையும் ஒரே உருண்டையாக உருட்டிச் சட்டியில் போட்டாள். அடுப்புக் கதவை மூட முடியாதபடிக்கு அது உள்ளே உப்பியது.

ஞாயிறு காலை ஹானுஸ் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். மேஜை நடுவில் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு ரொட்டி.

"இது எதுக்கு இவ்வளவு பெருசு? நம்மளது எங்க?"

"இதுதான் நம்மளது. அவங்களதும் இதுதான். ஒண்ணுதான் சுட்டேன்."

"சரி, பாதி வெட்டிக் குடு."

"வெட்டமாட்டேன். வேணுங்கறவங்க இங்க வந்து பிட்டுக்கட்டும். முன்னாடி இங்கதான வந்தோம்?"

ஹானுஸ் அவளை உற்றுப் பார்த்தான். விளையாடுகிறாளா என்று முகத்தில் தேடினான். "ஏய், சபையில எல்லாரும் காத்துட்டிருப்பாங்க!"

"நானும் காத்துட்டிருக்கேன்."

அந்த நேரம் ஓடைப்பாலத்தில் எல்ஸ்பா கையை வீசிக்கொண்டு நின்றாள். சுன்னுவா அங்கே போய் அதையே சொன்னாள். ஆறு வருஷத்தில் அந்தப் பாலத்தில் பேசப்பட்ட முதல் பேச்சு அது. எல்ஸ்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கண்ணன் குதிப்பாரு, சுன்னுவா!"

"குதிக்கட்டும் அண்ணி. ரொம்ப நாளா ஒரே இடத்துலயே நிக்கறாரு."

அன்று மேல்கூடத்தில் கப்பலில் தின்கிற கெட்டிப் பிஸ்கோத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். அதைப் பிட்கும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் கேட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வைக்கோல்கூடத்தில் ஹானுஸ் அடுத்த வாரம் தானே ரொட்டி சுட்டுப் பார்த்தான். அது வெளியே கரி, உள்ளே களி. இரண்டு கூடத்து ஆண்களும் தங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டார்கள். ஒருத்தி வீட்டு அடுப்பு புகைந்தது. ஒருத்திக்கு மணிக்கட்டில் வலி. ஒருத்தி மாவை எலி தின்றுவிட்டது என்றாள். பெண்கள் கூடிப் பேசி எதையும் முடிவு செய்யவில்லை. ஒவ்வொருத்திக்கும் தனியாகத் தோன்றியதுதான்.

சுன்னுவாவுக்கு இதில் சந்தோஷம் எதுவும் இல்லை. ஞாயிறு முழுக்க அவள் மேஜை முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. கர்த்தருடைய பந்தியை நான் யார் பிடித்து வைத்துக்கொள்ள என்ற பயம் அவளை விடவில்லை. "தப்புன்னா எனக்குக் காட்டிக் குடுங்க," என்று அடுப்புப் பக்கம் திரும்பி ஜெபித்தாள். 

மூன்றாவது திங்கட்கிழமை, மேஜைமேல் இருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு மார்யுன் ஞாபகம் வந்தது. மார்யுனின் புருஷன் ஐஸ்லாந்துக் கடலில் மூழ்கிப் போய்விட்டான். இரட்டைப் பெண்குழந்தைகளோடு ஓடைக்கு மேற்கே கடைசி வீட்டில் இருந்தாள். வைக்கோல்கூடத்தைச் சேர்ந்தவள், ஆனால் வீடு மேல்கூடத்துப் பக்கம். அவள் கூடத்துக்கு வராமல் சில வாரங்கள் ஆகியிருந்தன. முதல் இரண்டு வார ரொட்டியும் கோழிக்கும் அண்டைவீட்டு சன்னாவுக்கும் போயிருந்தது. சன்னா தேவாலயத்துக்காரி; "உங்க சண்டை முடியவே வேண்டாம், ரொட்டி அருமையா இருக்கு," என்றிருந்தாள். இந்த முறை சுன்னுவா ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள்.

மார்யுன் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. நவம்பர் மாதத்தில் புகை இல்லாத வீட்டைப் பார்த்தால் பரோயேக்காரர்கள் ஓடுவார்கள். சுன்னுவா ஓடினாள்.

உள்ளே மார்யுன் படுக்கையில் இருந்தாள். கண் குழி விழுந்து, மூச்சு மாவரைக்கிற மாதிரி இழுத்தது. இரட்டைக் குழந்தைகள் இரண்டும் அவள் இரண்டு பக்கமும் ஒண்டிக்கொண்டிருந்தன. அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

"கரி?"

"மலையிலயே கெடக்கு. இறக்கிட்டு வர ஆளில்ல," என்றாள் மார்யுன். அதைச் சொல்வதற்கே அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"சொல்லி அனுப்பறதுக்கென்னடி?"

"யாருக்கு? இந்தப் பக்கம் இருக்கறவங்க, உங்க கூடத்துல கேளுன்னாங்க. நம்ம ஆளுங்க, அவ மேலப்பக்கத்துக்காரி, அங்க பார்த்துப்பாங்கன்னு நெனச்சிருப்பாங்க."

 அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ரொட்டியை மேஜைமேல் வைத்தாள். குழந்தைகள் துணியைப் பிரிக்கக்கூடக் காத்திருக்கவில்லை. தன் சால்வையை எடுத்து மார்யுன்மேல் போர்த்தினாள். பக்கத்து வீட்டுக் கொல்லையில் புகுந்து கேட்காமலே ஒரு மடி கரி அள்ளி வந்து அடுப்பை மூட்டினாள். தண்ணீர் கொதித்து, குழந்தைகளுக்கும் தாய்க்கும் சூடாக ஏதோ உள்ளே போன பிறகு, நேராக யாக்குப் வீட்டுக்குப் போனாள். ஆறு வருஷமாக மிதிக்காத வாசல். கதவைத் தட்டவில்லை.

யாக்குப் வலை பின்னிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "ரொட்டி விஷயம்னா..." என்று தொடங்கினான்.

"ரொட்டி கெடக்கட்டும். மார்யுன் வீட்ல அடுப்பு அணைஞ்சு எத்தனை நாள் ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"மார்யுனா? அவ உங்க கூடத்து..."

"அண்ணா!" சுன்னுவா ஜன்னலைக் காட்டினாள். "குளிர் அவளை அடிக்கறப்ப எந்தக் கூடம்னு கேட்டுட்டா அடிக்குது? உன் வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா அவ வீட்டுப் புகைபோக்கி தெரியுது. நீயும் பாக்கல. என் புருஷனும் பாக்கல. நானும் பாக்கல. முதல் சீடருங்க மாதிரி இருக்கறோம்னு சொல்லித்தான் அந்தக் கடல்ல விழுந்தோம். அவங்கள்ல ஒருத்தருக்கும் குறைச்சல் இல்லாம இருந்துச்சாம். நம்மகிட்ட ரெண்டு கூடம் இருக்கு, ஒரு கூடை கரி இல்ல!"

யாக்குப் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வலை ஊசியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். எல்ஸ்பா அடுப்படி வாசலில் வந்து நின்று, இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். சுன்னுவா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஹானுஸிடமும் சொன்னாள், அவனிடம் இதைவிடச் சுருக்கமாக.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து மார்யுனுக்கு நெஞ்சில் சூடான துணி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. அந்தத் தீவுகளில் கரிக்கூடையை முதுகில் வைத்து, வாரை நெற்றியில் மாட்டித் தூக்குவார்கள். தூக்குகிறவன் தரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. மேலப் பாதையில் ஒரு கூடை வந்தது. கீழப் பாதையில் ஒரு கூடை வந்தது. மார்யுன் வீட்டு வாசல் ஒரு ஆள் நுழைகிற அகலம்தான். இரண்டு கூடையும் அங்கே முட்டிக்கொண்டன.

"யார்ரா அது, கண்ணு தெரியல?" என்றான் ஹானுஸ், தரையைப் பார்த்தபடி.

"உனக்குத் தெரிஞ்சா நீ ஒதுங்கு," என்றது எதிரே இருந்த குரல்.

குரலைக் கேட்டதும் இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். எதிரே இருந்த பூட்ஸ்கள் யாருடையவை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. கூடையோடு திரும்பிப் போகவும் இடமில்லை. ஹானுஸ் கூடையிலிருந்து ஒரு கட்டி உருண்டு விழுந்தது. யாக்குப் குனிந்தவாக்கிலேயே அதை எடுத்தான். அழுத்திப் பார்த்தான்.

"ஈரமா இருக்கே," என்றான்.

"மழைல கெடந்துச்சு."

யாக்குப் கொஞ்சம் தயங்கினான். "ஞாயித்துக்கிழமையில காயவெச்சிருக்க வேண்டியதுதான?"

உள்ளே சுன்னுவா துணியைப் பிழிவதை நிறுத்தினாள். இது சமாதானமா, அடுத்த சண்டையா என்று வெளியே நின்ற இருவருக்குமே தெரியவில்லை போலிருந்தது. அப்போது படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மார்யுன் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமலுக்கு நடுவே மறுபடி சிரிப்பாகி, "அய்யோ, சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது!" என்றாள். ஹானுஸின் தோள் குலுங்கத் தொடங்கியது. கூடையிலிருந்து இன்னும் நாலு கட்டி விழுந்தது. யாக்குப் சிரிக்கவில்லை. வாரை நெற்றியிலிருந்து கழற்றி, கூடையை அப்படியே இறக்கி வைத்து, கரி படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் அன்னைக்குத் தட்டைத் தள்ளிட்டேன், மச்சான்," என்றான். "அதுக்கப்புறம் அதை எப்படித் திருப்பிக் கொண்டு வர்றதுன்னு எனக்குத் தெரியல."

ஹானுஸ் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. "உள்ள வா, வாசல்ல குளிர் புகுது," என்றான்.

மார்யுனால் நடக்க முடியாது என்பதால் அடுத்த ஞாயிறு எல்லோரையும் அவள் வீட்டுக்கே வரச்சொன்னார்கள். எல்லோரும் வரவில்லை. துரோண்டுர் என்ற கிழவர், "கூடம் கட்டினது எதுக்கு, ஆடு கட்டவா?" என்று மேல்கூடத்திலேயே தனியாக உட்கார்ந்து தனியாகவே பாடினார். வைக்கோல்கூடத்திலும் சிலர் முறுக்கிக்கொண்டார்கள். ஆனாலும் அந்தச் சின்ன வீட்டில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். படுக்கை விளிம்பில் பெண்கள், கரிக்குவியல்மேல் ஆண்கள். எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று ஆறு வருஷம் பாடியதால் பாட்டின் வேகம் ஒத்துவரவில்லை. ஒரு பாதி முடித்தபின் மறுபாதி முடித்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

யாக்குப் ரொட்டியைக் கையில் எடுத்து நன்றி சொன்னான். நீளமாக ஜெபிக்கிறவன் அன்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டான். தட்டை ஹானுஸிடம் முதலில் கொண்டுபோனான். ஹானுஸ் பிட்டு, யாக்குப்புக்கும் ஒரு துண்டு கொடுத்தான். சுன்னுவாவிடம் தட்டு வந்தபோது அவளும் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். ரொட்டியில் உப்பு போட மறந்திருந்தாள். அதைப்பற்றி அன்றும் சரி பிறகும் சரி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சன்னாவைத் தவிர. கடைசித் துண்டு எப்போதும்போல அவளுக்குத்தான் போனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகக் கூடினார்கள். கூடினபின் எழுந்து போகாமல், உலர்ந்த ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் இருந்ததை வைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது யார் வீட்டில் என்ன குறைச்சல் என்பது தானாக வெளியே வந்தது. கூடத்து நீளப்பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தவரை அது வந்ததே இல்லை. இரண்டு கூடமும் உடனே ஒன்றாகிவிடவில்லை. பூட்டிக் கிடந்த படகுக் கொட்டகையில் வலை காயப்போட்டார்கள். மேல்கூடத்தைப் பனி உருகிய பிறகு எல்லோருமாகச் சுண்ணாம்படித்துப் பெரிய கூட்டங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். துரோண்டுர் வரவேயில்லை. அவர் படுத்த படுக்கையானபோது ஹானுஸ் தினமும் போய் முகச்சவரம் செய்துவிட்டு வந்தான். கிழவர் கடைசிவரை அவனிடம் பேசவில்லை, ஆனால் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

மார்யுன் தேறினாள். மார்ச்சில் ஆண்கள் மீன்பிடிக்க ஐஸ்லாந்துக்குப் பாய்மரக் கப்பல் ஏறியபோது அவளும் கரையில் நின்று கையசைத்தாள். மே மாதம் பெண்கள் மண்கரி வெட்ட மலையேறினார்கள். யார் நிலத்தில் முதலில் இறங்குவது என்ற பேச்சே எழவில்லை. மார்யுனின் நிலத்தில் போய் மண்வெட்டிகளை இறக்கினார்கள்.

நடுப்பகலில் காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது சன்னா தன் நிலத்திலிருந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"நனைஞ்சவங்க கூட்டத்துல காஞ்ச ஆளு ஒருத்தி உக்காரலாமா?" என்றாள்.

"உக்காரு, உக்காரு. கடல் எங்கயும் ஓடிப் போயிடாது," என்றாள் எல்ஸ்பா.

"என்னை முக்கணும்னா நாலு ஆளு வேணும், சொல்லிட்டேன்," என்று சன்னா தன் பெரிய உடம்பைப் புல்லில் இறக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். சுன்னுவா நகர்ந்து இடம்விட்டு, கையில் இருந்த கோப்பையை அவளிடம் நீட்டினாள். கீழே கடல்மேல் மூடுபனி கலைந்துகொண்டிருந்தது. மார்யுனின் இரட்டைக் குழந்தைகள் புதிதாக வெட்டிய கரிக்கட்டிகளை வரிசையாக நிற்கவைத்து, காற்றுக்கு அவற்றைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தன.

"அடுத்தது யாரோடது?" என்று மார்யுன் எழுந்து மண்வெட்டியை எடுத்தாள்.

"சன்னாவோடது," என்றாள் சுன்னுவா.